சூளகிரி மேட்டில் வந்த நீலப் புகை

புகை கண்ட இடத்திலெல்லாம் என் பெயரைச் சொல்லித் திட்டிய என் அருமைச் சகலை முனிராஜுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. எழுதிவிட்டு யாரிடமிருந்து பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் இங்கே நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் ஷெட்டைப் பூட்டுவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியது உன் கையால் நீ கடைசியாகக் கட்டிய எஞ்சின்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் அந்த எஞ்சினைப் பற்றிய பேச்சு ஊருக்குள் போனது. பதிலும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீ என்ன, கூச்சப்படுகிற ஆளா?

நம்மைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் குழம்பக் கூடாது. நீ எஞ்சின்காரன், நான் பம்புக்காரன். ராயக்கோட்டை ரோட்டில் உன் ஷெட். பாகலூர் ரோட்டில் டீசல் பம்பைச் சரிபார்த்துக் கொடுக்கும் என் கடை. பேரிகை கிராமத்தில் அக்கா தங்கையைக் கட்டியவர்கள் நாம். மூத்தவள் ரத்னம்மாவை நீ கட்டினாய். இளையவள் பத்மாவுக்கு என்னைப் பேசி முடித்ததும் நீதான். "பம்பு தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுக்குள்ளயே இருந்தா நல்லது மாமா" என்று மாமனாரிடம் சொன்னாயாம். என் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

உன்னை அண்ணா என்று கூப்பிடும்படி மாமனார் சொன்னார். கல்யாணச் சாப்பாடு வரைக்கும் கூப்பிட்டேன். பந்தியில் உட்கார்ந்ததுமே ஒரு லாரியின் புகையைப் பற்றி நமக்குள் சண்டை வந்துவிட்டது. அன்றைக்கு அண்ணா போய்ச் சகலை வந்ததுதான், அப்புறம் மாறவே இல்லை.

நம் சண்டைக்கு ஒரே காரணம்தான். வண்டி கறுப்பாகப் புகைத்தால் டீசல் அதிகமாகப் போகிறது, பம்பைப் பார்க்க வேண்டும். நீலமாகப் புகைத்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, எஞ்சினைப் பார்க்க வேண்டும். "கறுப்பு உன் புள்ள, நீலம் என் புள்ள" என்று நீயே பாகம் பிரித்தாய். பிரித்தாயே தவிர, ஒருநாளாவது நீலத்தை உன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாயா? பட்டப்பகலில் நீலப் புகை விடுகிற வண்டியைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கறுப்பாத்தான் தெரியுது சகலை" என்பாய். நானும் லேசுப்பட்டவன் இல்லை. கறுப்பை நீலம் என்று சாதித்திருக்கிறேன். ரத்னம்மா அக்காவும் பத்மாவும், "சோறு ஆறுது, பொகைய அப்பறம் பாருங்க" என்று நம் இருவரையும் எத்தனை தடவை அதட்டியிருப்பார்கள்!

டாக்டரம்மாவின் கார் உனக்கு நினைவிருக்கும். உனக்கா நினைவிருக்காது, பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தாய். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய டர்போ டீசல் கார் அது. நம் பக்கம் டர்போ லாரிகளே அதிகம் இல்லாத காலம். டாக்டரம்மா அதை வாங்கி உன்னிடம் ஓட்டிவந்தபோது, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீ சாப்பிடக்கூடப் போகவில்லை. வெளியே போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது என்று எனக்கு விளக்கினாய். எனக்கு அது தெரியாதா? தெரிந்தாலும் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் உன் முகத்தில்.

அந்தச் சக்கரத்தின் தண்டுக்கு எண்ணெய் மேலிருந்து வரவேண்டும், கீழே தடையில்லாமல் வடிய வேண்டும். வடியாவிட்டால் கண்ட இடத்தில் கசியும், புகைக்கும் என்பதை நீதான் சொன்னாய். இன்னொன்றும் செய்தாய். எஞ்சினின் வயிற்றுக்குள் சேருகிற ஆவி வெளியே போவதற்கு ஒரு ஹோஸ் உண்டு. கம்பெனிக்காரன் அதைத் திருப்பி டர்போவின் வாயிலேயே விட்டிருந்தான். "தான் விட்ட மூச்சத் தானே குடிக்கிறதா?" என்று அதைக் கழற்றி, எஞ்சினுக்குப் பின்பக்கமாகக் கீழே தொங்கவிட்டாய். வெள்ளைக்காரன் கணக்கையே மாற்றுகிறாயே என்று அதற்கும் நான் சண்டை போட்டேன். அந்த ஹோஸ் எங்கே போய் முடிகிறது என்று நான் குனிந்து பார்த்ததே இல்லை. பம்புக்கு இந்தப் பக்கம்தான் எனக்கு வேலை.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா காரின் எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. "வேற எடத்துல குடுங்கம்மா, என் கை சரியில்ல" என்று நீயே சொன்னாய். அவர்தான் கேட்கவில்லை. நீ ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டுகளை முறுக்கியதை நான் பார்த்தேன். உன் ஷெட்டில் வேலை பார்க்கிற அன்வர் ஸ்பேனரைப் பிடிக்க வந்தபோது அவனை முறைத்தாய். பம்பை நான் கொண்டுவந்து மாட்டினேன். எஞ்சின் பிடித்ததும் கண்ணை மூடிக் கேட்டாய். என்னைத் திட்டவில்லை. "போதும் சகலை" என்றாய். நீ திட்டாமல் விட்டதே இல்லையே.

கார் நன்றாகத்தான் ஓடியது. நீ ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் ஓடியது. உன் காரியத்துக்கு டாக்டரம்மா அந்தக் காரில்தான் வந்தார். வாசலில் அது நின்றபோது புகையே தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு அந்தக் காரைத்தான் பார்க்க முடிந்தது, வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அக்கா ஷெட்டைத் திறந்தார். சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பொம்பளை எப்படி மெக்கானிக் ஷெட்டை நடத்துவது, யாரிடமாவது விட்டுவிட்டுப் பேரிகைக்கு வந்துவிடு என்றார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. அன்வர் வேலையைப் பார்ப்பான், அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உன் நாற்காலியில் அல்ல. பக்கத்தில் வேறு ஒன்று போட்டுக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. துக்க வருஷம், வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனால் வருஷா வருஷம் அந்தக் காரைக் கழுவிப் பூஜை போட்டுக் கொடுப்பது உன் வழக்கம் இல்லையா, டாக்டரம்மாவின் டிரைவர் யோசிக்காமல் ஷெட்டுக்கு ஓட்டிவந்துவிட்டான். அன்வர் அன்று போச்சம்பள்ளியில் அவன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். அக்கா காரைத் திருப்பி அனுப்பவில்லை. "பண்டிகை நமக்குத்தான் இல்ல. எஞ்சினக் கழுவக் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கழுவினாராம். சந்தனம், குங்குமம் இல்லை. கழுவித் துடைத்து அனுப்பிவிட்டார். பத்மா வந்து சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் புகை வர ஆரம்பித்தது.

டிரைவர் ஆனேக்கல் பக்கத்து ஆள், அவசரம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். ஷெட்டுக்கு வந்து, "ஹொகெ பர்த்தா இதெ சார், பொகை வருது, சூளகிரி மேட்ல ஏறனா பின்னாடி ரோடே தெரியல" என்று அன்வரிடம் சொன்னான். நீலமும் கறுப்புமாகப் புகை. கார் நின்ற இடத்தில் எல்லாம் எண்ணெய்த் திட்டு. உத்தனப்பள்ளிக்குப் பிரசவம் பார்க்கப் போன டாக்டரம்மா பாதி வழியில் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிப் போக வேண்டியதாகிவிட்டது. அன்வர் வாஷரை மாற்றினான், பேக்கிங்கை மாற்றினான். கசிவு ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம் வந்தது.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் பொறுக்காமல் காரைப் பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். அவர்கள் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிஸ்டன் ரிங் எல்லாம் போச்சு, கட்டினவன் சரியாக் கட்டல, எஞ்சினையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். டாக்டரம்மா நல்ல மனுஷி. அந்தப் பேச்சு வேறு யார் மூலமாகவும் அக்காவுக்கு வரக் கூடாது என்று தானே ஷெட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "அவரு ஒடம்பு முடியாம இருந்தப்ப நாந்தான் வற்புறுத்தினேன். தப்பு என்னுதுதான்" என்றும் சொன்னாராம். அது இன்னும் குத்தியது.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "தம்பி, அந்த எஞ்சின நீங்க ஒருக்கா பாருங்க. அவரு கட்டினது சரியில்லன்னு நீங்களும் சொன்னா, ஷெட்டப் பூட்டிட்டுப் பேரிகைக்குப் போயிடறேன். அவரு பேரு கெட்ட எடத்துல உக்காந்துகினு நான் யாவாரம் பண்ண மாட்டேன்" என்றார். பத்மா அழுதாள். அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சகலை, இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரிப்பாய். காரை என் கடைக்கு எடுத்துப்போய்ப் பம்பைக் கழற்றும்போது, கோளாறு என் பம்பில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், நான்தான். உன்னோடு சேர்ந்து வேலை பார்த்த காலமெல்லாம் என் பம்பில் குறையே கிடையாது என்று சத்தியம் செய்தவன், ஒரு குறை கிடைக்காதா என்று துழாவினேன். பம்பில் என்றால் அரைநாள் வேலை. உன் பேர் தப்பிக்கும், ஷெட் தப்பிக்கும். ஊரில் பம்புக்காரன் சொதப்பிவிட்டான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெஞ்சில் மாட்டி ஓட்டினேன். நாலு குழாயிலும் டீசல் ஒரே அளவாக இறங்கியது. டர்போவின் காற்று ஏற ஏற டீசலைக் கூட்டிக்கொடுக்கிற டயாபிரம் கிழிந்திருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். புதிது போல இருந்தது. நாசில்களைப் பார்த்தேன், பனி போலத் தூவின. என் வேலை நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது இதுதான் முதல் தடவை. கழற்றின பம்பை அப்படியே திருப்பி மாட்டினேன்.

இனி உன் பக்கம்தான் பார்க்க வேண்டும். காரை உன் ஷெட்டுக்கே கொண்டுவந்தேன். உன் எஞ்சினை உன் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அன்வரும் நானும் எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். அக்காவிடம் முகப்பவுடர் டப்பாவை வாங்கி எஞ்சின் முழுக்கத் தூவினோம். கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று பவுடர் நனைவதை வைத்துக் கண்டுபிடிக்கும் உன் வித்தைதான். நீ இதைச் செய்யும்போதெல்லாம், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரமா என்று கிண்டல் செய்வேன். இப்போது நானே பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன், கிண்டல் செய்ய ஆள் இல்லை.

எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தோம். ஒரு இடத்தில் நனைந்தால் பரவாயில்லை. மேல்மூடி ஓரம், முன்பக்கம், பின்பக்கம், டர்போவின் அடி என்று எல்லா இடத்திலும் நனைந்தது. டர்போவுக்கு எண்ணெய் வருகிற குழாய் சரி, வடிகிற குழாய் சரி. டர்போவைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்த்தோம், ஆட்டமே இல்லை. ஆனால் உள்ளே எண்ணெய் குளம் கட்டி நின்றது. எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தான் டிரைவர். "என்னய்யா இது?" என்றேன். "மேட்ல ஏறும்போது தானே எகிறி வெளிய வர்துங்க சார், அதான் கட்டினேன்" என்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அவனைத் திட்டுவதில் இருந்துவிட்டேன்.

டர்போவைத் திரும்ப மாட்டி ஓட்டி, எண்ணெய் மூடியைத் திறந்தேன். பெங்களூர்க்காரர்கள் செய்த அதே பரிசோதனைதான். புஸ்ஸென்று ஆவி என் முகத்தில் அடித்தது. அன்வரின் முகம் தொங்கிவிட்டது. "ரிங்குதாண்ணா போயிருக்குது. அவங்க சொன்னது சரிதான் போல" என்றான் மெதுவாக. அக்கா வாசல் பக்கம் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாக, "அண்ணன் கை நடுங்கிச்சுல்ல" என்றான்.

நான் டூல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, மூடி திறந்தே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், சகலை. ஆவி நின்றுவிட்டது.

ரிங் போன எஞ்சின் மூடியைத் திறந்தால் ஓயாமல் புகைந்துகொண்டே இருக்கும். இது அப்படி இல்லை. குக்கரில் வெயிட்டைத் தூக்கினால் ஒரேயடியாகச் சீறிவிட்டு அடங்குமே, அப்படி அடங்கிவிட்டது. மூடியை மூடினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திறந்தேன். மறுபடி ஒரு சீறல், மறுபடி அமைதி. அப்படியானால் இது புதிதாக வருகிற ஆவி இல்லை, போக வழியில்லாமல் உள்ளே தேங்கின ஆவி. அந்த அழுத்தம்தான் டிப்ஸ்டிக்கைத் தூக்குகிறது, எண்ணெயைக் கண்ட இடத்தில் பிதுக்குகிறது, டர்போவில் வடிய வேண்டிய எண்ணெயை வடியவிடாமல் உள்ளே தள்ளிப் புகையாக்குகிறது. எண்ணெய் தேங்கியதால் காற்றும் குறைந்து டீசலும் சரியாக எரியாமல் கறுப்பும் சேர்ந்துகொண்டது.

"அன்வர், இந்த எஞ்சின் மூச்சு விடற எடம் எது?" என்று கேட்டேன்.

"பின்னாடிண்ணா. அண்ணன் ஹோஸ மாத்தி கீழ உட்டிருப்பாருல்ல."

பெங்களூர்க்காரர்களுக்கு அது தெரிய வழியில்லை; அவர்கள் கம்பெனி வைத்த இடத்தில் பார்த்திருப்பார்கள், அங்கே நீ மூடி போட்டு வைத்திருந்தாய். நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, நீ மாற்றினதற்காகச் சண்டை போட்ட அந்த ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனேன். நுனியில் விரலை விட்டேன். விரல் துணியில் இடித்தது.

குறடால் இழுத்தேன். இறுக்கி அடைத்திருந்தது, சுலபமாக வரவில்லை. வந்ததும் எஞ்சின் பெருமூச்சு விட்டது. மிகைப்படுத்தவில்லை, அன்வரும் கேட்டான். துணி எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. பிழிந்து விரித்தால் நீலக் கட்டம். உன் சட்டை, சகலை. பத்மா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்து, நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நைந்து போகிறவரை போட்டாயே, அதே சட்டையின் கை.

ஹோஸுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று, எஞ்சினைக் கழுவும்போது துணி வைத்து அடைப்பது உன் வழக்கம். கழுவினது யார் என்று எங்களுக்குத் தெரியும். அன்வர் என்னைப் பார்த்தான், நான் அன்வரைப் பார்த்தேன். "பெங்களூர்க்காரங்க வெச்சாங்கன்னு சொல்லிரலாம்ணா" என்றான். நானும் சரி என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா டீ டம்ளர்களோடு பின்னால் வந்து நின்றுவிட்டார்.

துணியைப் பார்த்தார். டம்ளர்களைக் கீழே வைத்தார். சகலை, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"இத நாந்தான் வெச்சேன் தம்பி. வருசா வருசம் நான் பக்கெட்டுல தண்ணி கொண்டாந்து வெக்கும்போது அவரு இந்த ஓட்டைல துணிய அடைப்பாரு. அது வரைக்கும் பாத்திருக்கறேன். அப்பறம் சுண்டல் தாளிக்க, பொரி கலக்க நான் உள்ள போயிருவேன். திரும்பி வரும்போது பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு எல்லாம் முடிஞ்சிருக்கும். அடைக்கிறதத்தான் பாத்தேன். அவரு எடுக்கிறத நான் ஒருநாளும் பாத்ததில்லையே."

துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த வருசம் சுண்டல் இல்ல, பொரி இல்ல. உள்ள போக வேலையே இல்ல. கடைசி வரைக்கும் இங்கதான் நின்னேன். ஆனா எடுக்கணும்னு தெரியல" என்றார்.

அதற்கப்புறம்தான் அழுதார். உன் காரியத்தன்று அழாத அழுகை. "அவரு பேர நானே கெடுத்தேனே, தேவுடா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்வர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். நான் பவுடர் டப்பாவை எடுத்தேன். வேறு என்ன செய்வது?

பவுடர் நனையவில்லை. எவ்வளவு மிதித்தும் எஞ்சின் வெள்ளையாகவே நின்றது. உன் ரிங் சரி, உன் கேஸ்கெட் சரி, நடுங்குகிற கையால் நீ முறுக்கின ஒவ்வொரு போல்ட்டும் சரி. நீ கட்டின எஞ்சின் மூச்சை அடைத்த பிறகும் அத்தனை நாள் ஓடியிருக்கிறது. வேறு யாராவது கட்டியிருந்தால் நடுரோட்டில் படுத்திருக்கும். இதை உன் காது கேட்க ஒருநாளாவது சொல்லியிருக்கலாம், நாம்தான் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, ஏறுங்க" என்றேன். அந்தக் காரில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்தவர் வண்டி என்று தயங்கினார். பின்சீட்டில் உட்காரவைத்துச் சூளகிரிக்கு ஓட்டினேன். டர்போவில் தேங்கியிருந்த எண்ணெய் தீர்கிறவரை முதலில் கொஞ்ச தூரம் புகைத்தது. அக்கா மூச்சே விடவில்லை. மேடு வந்தது. முன்னால் கல் ஏற்றின லாரி ஒன்று முக்கிக்கொண்டு போனது. இரண்டாவது கியரைப் போட்டு மிதித்தேன். டர்போ விசிலடித்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா உடம்பையே திருப்பிக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரோடு தெரிந்தது. ரோட்டில் வருகிற கம்பெனி பஸ் தெரிந்தது, பூஜைக்கு பஸ்ஸின் முன்னால் கட்டிக் காய்ந்துபோயிருந்த வாழைக்கன்று கூடத் தெரிந்தது.

மேட்டின் உச்சிக்கு வந்ததும், "பொகை இல்ல தம்பி" என்றார். "இல்லக்கா" என்றேன்.

டாக்டரம்மாவிடம் நானே பேசுகிறேன், துணி எப்படியோ சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "நான் வெச்சேன், நானே சொல்றேன். அவரு மேல இல்லன்னு தெரியணும்னா யார் மேலன்னும் தெரியணும்ல?" என்று ஆஸ்பத்திரிக்கே போனார். நான் கூடப் போனேன். டாக்டரம்மாவின் மேஜைமேல் துணியை வைத்து நடந்ததைச் சொன்னார். இந்த ஷெட்டை இனி நம்ப மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

டாக்டரம்மா துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரத்னம்மா, நாங்க வயித்தத் திறந்தா, உள்ள வெச்ச துணிய எல்லாம் எண்ணி வெளிய எடுத்துட்டுத்தான் தையல் போடுவோம். எண்ணறதுக்குன்னே ஒரு நர்ஸ் பக்கத்துல நிப்பாங்க. தனியா விட்டா யாருக்கும் மறந்துடும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. இந்த வருஷம் உங்க பக்கத்துல நிக்க ஆள் இல்ல. அவ்ளோதான்."

அடுத்த ஆயில் மாற்றத்துக்குக் கார் உன் ஷெட்டுக்குத்தான் வரும் என்றும் சொன்னார். வந்தது. நேற்றுக்கூட வந்து போனது. ஷெட் திறந்திருக்கிறது, சகலை.

இவ்வளவையும் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி, அந்த ஹோஸு இருக்கற எடத்தையும் எழுதுங்க, இன்னொருத்தரு தேடக் கூடாது" என்றார். இப்போது அவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எந்தக் குழாய் எதற்கு என்று அன்வரைக் கேட்டுக் குடைகிறார். என் கடைக்கு வந்து பம்பைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கறுப்புப் பொகைன்னா நீங்கதான் தம்பி?" என்றார். உன் வீட்டில் வாழ்ந்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

உன்மேல் எனக்கு ஒரு கோபம் மட்டும் இருக்கிறது. அடைக்கும்போது பக்கத்தில் நின்றவரை, எடுக்கும்போதும் ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா? இங்க பாரு ரத்னா, இப்பதான் எடுக்கிறேன் என்று ஒரே ஒரு வருஷம் சொல்லியிருக்கக் கூடாதா? தெரியும், சுண்டல் கருகிவிடும் என்று விட்டிருப்பாய். அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாய். நாம் எல்லோரும் அப்படித்தானே இருந்தோம்.

அந்தத் துணியை அக்கா சலவைச் சோடா போட்டுத் துவைத்து, ஷெட்டில் உன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். பூஜைக்கு இல்லை, வேலைக்குத்தான். அடுத்த ஆயுத பூஜைக்குள் துக்க வருஷம் முடிந்துவிடும். சந்தனம் உண்டு, பொரி உண்டு, பத்மா வந்து சுண்டல் தாளிப்பாள். அக்கா உள்ளே போக வேண்டியதில்லை. அதே துணியை எடுத்து அதே ஓட்டையில் அடைப்பார். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நிற்பேன். கழுவி முடித்ததும் அவர் எடுப்பார், நான் எண்ணுவேன். எடுத்தாச்சு சகலை என்று உன் படத்தைப் பார்த்து, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். என் கை நடுங்குகிற வரைக்கும் வருஷா வருஷம் வந்து சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இனி எங்கே நீலப் புகையைப் பார்த்தாலும், அது உன்னுடையது இல்லை என்றே சொல்வேன். ஒருநாளும் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்லிவிட்டேன், போ.

துணியை எண்ண ஒப்புக்கொண்ட,
உன் பம்புக்காரச் சகலை
நாகராஜ்